மெக்கன்சி ஆற்றுத் தடத்தில் தொடர் பஞ்சர்

ஒரிகன் மாநிலத்து மெக்கன்சி ஆற்றுத் தடத்தில் உங்கள் மலைச் சைக்கிளின் பின்சக்கரம் ஒரே நாளில் மூன்று முறை பஞ்சரானதாகவும், ஒவ்வொரு முறையும் ட்யூபில் இரண்டு கீறல்கள் அருகருகே இருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த இரட்டைக் கீறலே காரணத்தைக் காட்டிவிடுகிறது. முள் குத்தினால் ஒரு துளைதான் விழும். காற்றுக் குறைவான டயர் கல் விளிம்பில் மோதி நசுங்கும்போதுதான், ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் (சக்கரத்தின் உலோக வளையம் போன்ற விளிம்புச் சட்டம்) இடையே சிக்கி இரண்டு இடங்களில் கிழிகிறது.

ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தின் பெரும்பகுதி ஊசியிலைகள் மெத்தென்று படிந்த மண்பாதை என்றாலும், கிளியர் ஏரிக்கும் நீலக் குளத்துக்கும் இடையில் எரிமலைக் குழம்பு உறைந்த கூரான பாறைகள் இருப்பதால், மண்ணுக்கு ஏற்ற குறைந்த காற்றழுத்தம் அங்கே உதவாது. ட்யூப் இல்லாத டயருக்கு மாறிவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் 75 கிலோ எடைக்கும் 2.4 அங்குல டயருக்கும் முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கிப் பாருங்கள். அத்தகைய டயருக்குள் ஊற்றும், துளையை அடைக்கும் திரவமான சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால் பயணத்துக்கு முன் அளவைச் சரிபாருங்கள்.

மாற்றுவதற்கு முன் ரிம்மின் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மூன்று மோதல்களுக்குப் பிறகு எங்காவது நெளிந்திருந்தால் அந்த இடத்தில் காற்று கசியும். மாற்று ட்யூப் ஒன்றும் பம்பும் எப்போதும் பையில் இருக்கட்டும்.