பழைய ஃபிலிம் கேமரா: மூடி, தொப்பி, வளையம், ஒட்டுத்தோல் கழற்றுவது – கேள்வி பதில்

வெளியே தெரியும் சின்னப் பாகங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஷட்டர், லென்ஸ் பூஞ்சை எல்லாம் இன்னொரு நாள்.

கே: அண்ணா, பென்டாக்ஸ் கே1000 மேல்மூடியைத் திறக்க வேண்டும். ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் ரீவைண்ட் நாப் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பின்கதவைத் திறங்கள். ஃபிலிம் ரோலைப் பிடிக்கும் கவை ஒன்று நாபுக்கு நேர் கீழே இருக்கும். அதன் நடுவே ஒரு மரக்குச்சியைக் கொடுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே நாபை இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். குச்சிக்குப் பதில் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கவை வளையும். கீழே வாஷர் இருந்தால் எடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் போதுமா?

போதாது. ஜப்பான் கேமராக்களில் இருப்பது ஜே.ஐ.எஸ். தலை, அதாவது ஜப்பானியத் தர அளவில் செய்த திருகுத் தலை. பிலிப்ஸ் முனை அதில் அடிவரை உட்காராது. அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலேறி, தலையைத் தின்றுவிடும்.

கே: ஃபிலிமை நகர்த்தும் லிவரின் மேல் வட்டத் தொப்பியில் இரண்டு சிறு ஓட்டை. கத்தரிக்கோல் முனையைக் கொடுத்தேன், வழுக்கிக் கீறிவிட்டது.

கீறாமல் என்ன செய்யும்? அந்த ஓட்டைகள் இருமுனை ஸ்பேனருக்கானவை. கால்களின் இடைவெளியைச் சரியாக வைத்துப் பூட்டிவிட்டு, மேலிருந்து செங்குத்தாக அழுத்தியபடி திருப்ப வேண்டும். ஓட்டையே இல்லாத வழுவழுத் தொப்பி என்றால் தட்டையான ரப்பர் அடைப்பானை அழுத்தித் திருப்புங்கள். லென்ஸ் முன்னால் இருக்கும் பெயர் வளையத்துக்கும் பல சமயம் இதே ரப்பர்தான்.

அசையவில்லையா? முதலில் சுற்றிலும் பாருங்கள், பக்கவாட்டில் தூசி மாதிரி ஒளிந்திருக்கும் பூட்டுத் திருகு இருக்கலாம். அதைத் தளர்த்தினால் போதும், முழுக்க எடுத்தால் தொலையும். அடுத்து, இடது மறையாக, அதாவது வலப்பக்கம் திருப்பினால் கழலும் மறையாக இருக்கலாம். லிவரை இழுக்க இழுக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று சில கேமராக்களில் மறையை மாற்றிப் போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் மிதமாக முயன்று வரவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மறை ஓரத்தில் ஒரு துளி ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டுக் காத்திருங்கள். பலத்தைக் கூட்டாதீர்கள்.

கே: கேனான் ஏஇ-1 மேல்மூடியில் பழைய ஸ்டிக்கர் பசை. அசிட்டோன் போடலாமா?

கூடாது. 1976-இல் வந்த அந்தக் கேமராவின் மேல்மூடி உலோகம் இல்லை, உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக். உலோக மூடியிலும்கூட எழுத்துகளில் நிரப்பிய பெயின்ட்டை அசிட்டோன் கரைத்துவிடும்.

கே: லைக்கா எம்3, தோல் இரண்டு இடத்தில் பெயர்ந்திருக்கிறது. ஹேர் டிரையர் காட்டி மொத்தமாக உரித்துவிடலாமா?

அது தோல் இல்லை, வல்கனைட். கடினமாக்கிய ரப்பர். வயதாகி நொறுங்கும், உரிந்து வராது. பெயர்ந்த இடத்தைக் கறுப்பு எபாக்சியால் நிரப்பி மேடுபள்ளம் கொடுங்கள், போதும்.

கே: ஒட்டுப்போட்டது அசிங்கமாகத் தெரியும் சார். புதுத்தோல் ஒட்டினால் பிடிமானமும் நன்றாக இருக்கும்.

புதுத்தோல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டால் திருப்பி வைக்க முடியாது. அடியில் உள்ள திருகுக்குப் போக வேண்டிய அவசியம் இருந்தால் சுரண்டுங்கள். அழகுக்காக மட்டும் என்றால் நான் கை வைக்க மாட்டேன்.

கே: (வேறொருவர்) கேமரா படம் எடுக்கத்தானே? கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடவா?

கும்பிடச் சொல்லவில்லை. உரித்தே ஆக வேண்டிய கேமராவும் உண்டு. காண்டாக்ஸ் 2ஏ-வில் தோலுக்கு அடியில் ரிவெட்டுகள் களிம்பேறி, மேலே கொப்புளமாகத் தெரியும். அதைத் தயாரித்த ட்சைஸ் நிறுவனத்தின் பெயரால் ‘ட்சைஸ் பம்ப்’ என்பார்கள். அங்கே தோலைத் தூக்கி, களிம்பைச் சுரண்டி, அதே தோலை ஒட்ட வேண்டும். காரணம் இருக்கிறது, உரிக்கிறோம். எம்3-இல் என்ன காரணம்?

கே: (அவரே) என் காசு, என் கேமரா.

சரி. உரித்த துண்டுகளையாவது ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

கே: மினோல்டா ரீவைண்ட் நாப் சுற்றிக்கொண்டே...

முதல் பதில்.

கே: ஃபிளாஷ் உள்ள சின்ன ஃபிலிம் கேமராவின் முன்மூடியைக் கழற்றுவது எப்படி?

தெரியாதவர் திறக்கவே வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கும். மின்வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கே: பிலிப்ஸ் முனையைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டால்?

ஜே.ஐ.எஸ். வாங்குங்கள்!

கே: ஃபிலிம் வேகத்தை அமைக்கும் ஏஎஸ்ஏ டயலைத் தூக்கியதும் குட்டி இரும்புக் குண்டு ஒன்று பறந்துவிட்டது.

டயலை ‘கிளிக்’ என்று நிறுத்துவது அதுதான், கூட ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். அடுத்த முறை கேமராவைப் பெரிய கண்ணாடிக் கவருக்குள் வைத்து, கையையும் உள்ளே விட்டுத் தூக்குங்கள். இப்போது தரையில் காந்தத்தை ஓட்டித் தேடுங்கள். கேமரா பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள், வெளிச்சத்தை அளக்கும் முள் மீட்டர் கெட்டுவிடும்.