ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தொட்டி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

1932-ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டரை (நிலையான கூரையில்லாத கார்) ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காகத் திருத்திய பழைய காராக, மாற்றியமைப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு படம் இருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால், சேசிஸின் (அடிச்சட்டத்தின்) இரு நுனிகளுக்கும் நடுவே, உருளை வடிவ அலுமினியத் தொட்டி ஒன்று படுக்கவைக்கப்பட்டிருக்கிறது. மோதினால் முதலில் அடிபடும் இடத்தில் பெட்ரோலை வைப்பானேன்? இது போர் விமானத்திலிருந்து கழற்றிய தொட்டி என்கிறார் ஒரு நண்பர். வெறும் அலங்காரம் என்கிறார் இன்னொருவர். எது சரி?

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே சரியல்ல. இரண்டாமவர் சொல்வது மட்டும் இன்றைய பல வண்டிகளுக்குப் பொருந்தும்.

விமானத் தொட்டியின் கதை வேறு. 1946-இல் பில் பர்க் என்பவர் போர் விமானங்களின் கூடுதல் எரிபொருள் தொட்டியை வாங்கி, அதையே காரின் உடலாக்கி, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகையில் ஓட்டினார். அங்கே தொட்டிக்குள் மனிதன் அமர்ந்தான். நீங்கள் பார்த்ததோ சில லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு கலம்.

அது ஏன் முன்னால் வந்தது என்பதற்கு, பழைய தொட்டி எங்கே இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபோர்டு மாடல் ஏ வண்டியில் அது முன்கண்ணாடிக்குக் கீழே, பயணிகளின் முழங்காலுக்கு நேர் மேலே இருந்தது; பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்கு அது தன் எடையாலேயே இறங்கியது. 1932-இல் தொட்டி வண்டியின் பின்முனைக்குப் போனது, அங்கிருந்து இழுத்துவர எஞ்சினில் ஒரு பம்ப் வந்தது. சாலைக்கு அது நல்ல ஏற்பாடுதான். கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கடக்க வேண்டிய வண்டிக்குத்தான் அது இடைஞ்சல். பேருந்து சட்டென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்வதைப் போல, குழாயிலுள்ள பெட்ரோலும் பின்னோக்கியே போகப் பார்க்கிறது. புவியீர்ப்பில் பாதியளவு முடுக்கத்தில், இரண்டரை மீட்டர் நீளக் குழாயில், பம்ப் ஏறத்தாழ 1.3 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) கூடுதலாக இழுத்தாக வேண்டும். அக்கால பம்ப் கார்புரேட்டருக்குத் தந்த அழுத்தமே மூன்று பிஎஸ்ஐ அளவுதான் என்பதை நினைத்தால், எஞ்சினுக்கு மிக அதிகமாக எரிபொருள் தேவைப்படும் அதே நொடியில் அது குறைவாகக் கிடைக்கும் என்பது விளங்கும். போதாததற்கு, அப்படி இழுக்கப்படும் பெட்ரோல் எளிதில் ஆவியாகிக் குழாயை அடைத்தும் விடும்.

தொட்டியை எஞ்சினுக்கு முன்னால் வைத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது: வண்டி எவ்வளவு வேகமாகப் பாய்கிறதோ, அவ்வளவு வலுவாக எரிபொருள் எஞ்சினை நோக்கித் தள்ளப்படுகிறது. எனக்கு இந்தத் தொட்டியின் மேல் உள்ள பிரியமெல்லாம் இந்த எளிமையால் வந்ததுதான். ஆனாலும் அது மட்டும் போதாது. கார்புரேட்டர் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினின் உச்சியிலும் தொட்டி அதைவிடத் தாழ்வாகவும் இருப்பதால், தொட்டிக்குள் காற்றழுத்தம் ஏற்ற ஓட்டுநருக்கு எட்டும் இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தினார்கள். பின்னர் ஸ்டூவர்ட் ஹில்போர்ன் உருவாக்கியது போன்ற எரிபொருள் உட்செலுத்தும் கருவிகள் பரவியபோதும், எஞ்சினால் சுழலும் அவற்றின் பம்புக்கு அருகிலிருந்து தடையின்றி எரிபொருள் வந்துசேர வேண்டியிருந்ததால், முன்தொட்டி தன் இடத்தை இழக்கவில்லை.

இந்தத் தொட்டியை ஹாட் ராட்காரர்கள் ‘மூன் டேங்க்’ என்றே சொல்வார்கள். கலிஃபோர்னியாவின் நார்வாக்கில் தன் தந்தை நடத்திய உணவகத்தின் பின்புறத்தில் தொழிலைத் தொடங்கிய டீன் மூன், பல கார்புரேட்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்தளிக்கும் சிறு உலோகக் கட்டைகளை முதலில் செய்து விற்றார்; பிறகு சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸில் அவர் நடத்திய நிறுவனத்தின் அடையாளங்களில் ஒன்றானது இந்த அலுமினியத் தொட்டி. சுழலும் அச்சின் மேல் தகட்டை அழுத்தி உருவாக்கிய அதன் வழுவழுப்பான குவிந்த முனைகளே பலரை மயக்கின. 1987-இல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

சிலர் பழைய தொட்டியில் சாலைக்கான பெட்ரோலையும் முன்தொட்டியில் பந்தயத்துக்கான மெத்தனாலையும் (ஒரு வகை ஆல்கஹால்) வைத்துக்கொள்ள நினைப்பதுண்டு. மெத்தனால் பெட்ரோலைப் போல இருமடங்குக்கும் மேல் தேவைப்படும் என்பதால் கார்புரேட்டரின் ஜெட்டுகளையும் (எரிபொருள் பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைகளையும்) மாற்றியாக வேண்டும். அது அலுமினியத்தை அரிக்கவும் செய்யும் என்பதால் ஓட்டம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும்.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். அது முற்றிலும் நியாயமானது. எதிரே வண்டி வராத ஏரிப்படுகைக்கும் பந்தயத் தடத்துக்கும் உரிய ஏற்பாடு இது. பம்பர் இல்லாத ஹாட் ராடை நகரச் சாலையில் ஓட்டுபவர் இதில் பெட்ரோல் வைத்திருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் அது ஓரளவு மறைக்கும். சில நொடி ஓட்டத்தில் அது பொருட்டல்ல, நெரிசலில் எஞ்சின் கொதித்துவிடும். இன்று பலர் குழாயே இணைக்காமல் வெறும் தொட்டியை மாட்டிக்கொள்வதைத்தான் உங்கள் இரண்டாம் நண்பர் பார்த்திருப்பார்.

நான் வெளியிட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, சேசிஸின் உட்புறத்தை ஒட்டிப் பின்னோக்கிப் போகிறது; அதன் நடுவில் கையால் திருகி மூடும் வால்வும் இருக்கிறது.