நாடாளுமன்றக் கேள்வியில் உருப்படியான பதில் வாங்குவது எப்படி?

கேள்வி: நாங்கள் ஒரு சிறு நுகர்வோர் அமைப்பு. காய்கறிகளில் இருக்கும் பூச்சிக்கொல்லி எச்சம் பற்றி எங்கள் தொகுதி எம்.பி.யிடம் மனு கொடுத்தோம். அவரும் மக்களவையில் கேள்வி எழுப்பினார். இரண்டு பக்கப் பதில் வந்தது. சட்டப் பிரிவுகளும், "அமலாக்கம் மாநில அரசுகளின் பொறுப்பு" என்ற வரியும்தான் அதில் இருந்தன. "அடுத்த கூட்டத்தொடருக்கு நீங்களே கேள்வியாக எழுதிக் கொடுங்கள்" என்கிறது அவருடைய அலுவலகம். எப்படி எழுதுவது? கேள்வியை விட்டால் வேறு வழி உண்டா?

பதில்: நீங்கள் இணைத்திருந்த பழைய கேள்வி இது: "காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் அபாயகரமான அளவில் இருப்பது அரசுக்குத் தெரியுமா? தெரியுமெனில், எடுத்த நடவடிக்கை என்ன?" இந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும். "தெரியுமா" என்று கேட்டால், இருக்கிற சட்டங்களைப் பட்டியல் போட்டு முடித்துவிடலாம். "நடவடிக்கை என்ன" என்று கேட்டால், அறிவுரைக் கடிதம் அனுப்பியதைக்கூட நடவடிக்கையாகக் காட்டலாம். பதில் எழுதும் அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. தப்பிக்கும் வாசலைக் கேள்வியே திறந்து வைத்திருக்கிறது.

எழுத உட்காருவதற்கு முன், யாரைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள். பூச்சிக்கொல்லி என்பது ஒரே பொருள்தான். ஆனால் அது நான்கைந்து அமைச்சகங்களில் சிதறிக் கிடக்கிறது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி எந்த மருந்தை எந்தப் பயிருக்கு அடிக்கலாம் என்று பதிவு செய்வது வேளாண் அமைச்சகத்தின்கீழ் உள்ள பதிவுக் குழு. உணவில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்ற உச்சவரம்பை வகுப்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். அது சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்தது. மருந்து ஆற்றிலோ நிலத்தடி நீரிலோ கலந்தால் சுற்றுச்சூழல் அமைச்சகமும் ஜல் சக்தி அமைச்சகமும் வரும். தயாரிப்புத் தொழிலைப் பற்றியது என்றால் ரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகம். பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து உணவு அமைச்சகத்துக்குக் கேள்வி அனுப்பிவிடுகிறார்கள். அது ரேஷன், கொள்முதல், சேமிப்புக் கிடங்கு பார்க்கிற அமைச்சகம். உணவுக் கலப்படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தவறான இடத்துக்குப் போன கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படும். ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் என்று ஒதுக்கியிருப்பதால், பதில் தேதியும் அதோடு நழுவும்.

இனி வாசகம். மக்களவை விதிகளின்படி ஒரு கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு எதுவும் கூடாது. அரசின் கருத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது, நாடாளுமன்றக் குழு ஒன்றின் பரிசீலனையில் உள்ளது, எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் ஏற்கெனவே உள்ளது ஆகியவற்றைக் கேட்டால் செயலகம் தள்ளிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், பொருள் முதன்மையாக மத்திய அரசின் பொறுப்பில் இருக்க வேண்டும். உங்கள் "அபாயகரமான" போன்ற அடைமொழிகள் ஊகக் கணக்கில் வெட்டுப்படும். வெட்டுப்படாமல் தப்பினால் அதுவே மறுத்துப் பேச இடம் கொடுக்கும்.

ஆகவே, அரசின் கையில் ஏற்கெனவே இருக்கிற, ஆனால் வெளியே வராத எண்ணையும் தேதியையும் கேளுங்கள். வேளாண் அமைச்சகம் தேசிய அளவில் பூச்சிக்கொல்லி எச்சக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. மாதிரி எடுக்கிறார்கள், ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள், முடிவு இருக்கிறது. அதைப் பிடித்து இப்படி எழுதலாம்:

"(அ) தேசிய அளவிலான பூச்சிக்கொல்லி எச்சக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் கடந்த மூன்று ஆண்டுகளிலும் நடப்பு ஆண்டிலும் தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்ட காய்கறி மாதிரிகள் எத்தனை, ஆண்டு வாரியாக, காய்கறி வாரியாக, (ஆ) அவற்றுள் உச்சவரம்பைத் தாண்டியவை எத்தனை, அந்தப் பயிருக்குப் பதிவு செய்யப்படாத மருந்து காணப்பட்டவை எத்தனை, (இ) இம்முடிவுகள் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அனுப்பப்பட்ட தேதிகள் யாவை, (ஈ) அனுப்பப்படவில்லையெனில் காரணம் என்ன?"

இதில் (ஆ)வின் இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். கத்திரிக்காய்க்குப் பதிவான மருந்து அளவுக்கு மீறி இருப்பது ஒரு கோளாறு; அது தெளிப்பு முறையோடும், தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களோடும் சேர்ந்தது. கத்திரிக்காய்க்குப் பதிவே இல்லாத மருந்து இருப்பது வேறு கோளாறு. அது விற்பனையோடும் பரிந்துரையோடும் சேர்ந்தது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக வாங்கினால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் போகும். (இ) எதற்கென்றால், "மாநிலப் பொறுப்பு" என்ற வரியை அடைக்க. மாநிலம் நடவடிக்கை எடுத்ததா என்று நீங்கள் கேட்கவில்லை. மத்திய அரசு தன் கையில் இருந்த தகவலை அனுப்பியதா என்று கேட்கிறீர்கள். அது முழுக்க முழுக்க மத்திய அரசின் வேலை.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகத்தான், அதாவது அவையில் அமைச்சரின் வாய்மொழிப் பதிலைக் கோரும் கேள்வியாகத்தான், போக வேண்டும் என்று பலர் அடம்பிடிக்கிறார்கள். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் அது வீண் பிடிவாதம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரமிட்டவை 20, நட்சத்திரமிடாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரமிட்டவற்றில் முதல் சில மட்டுமே அவையில் வாய்மொழியாக எடுக்கப்படும். மற்றவற்றுக்கு எழுத்து மூலமே பதில் வரும். அட்டவணையோடு கூடிய பதிலுக்கு நட்சத்திரமிடாத கேள்வியே போதும். அமைச்சரை அங்கேயே துணைக்கேள்வி போட்டு மடக்க எம்.பி. தயாராக இருந்தால் மட்டும் நட்சத்திரத்துக்குப் போங்கள். அப்போது அவர் கையில் துணைக்கேள்வி இரண்டும், அதற்கு ஆதாரமான ஒரு தாளும் இருக்கட்டும்.

மக்களவையில் ஒரு நாளுக்கு ஓர் உறுப்பினர் அதிகபட்சம் ஐந்து கேள்விகளுக்கே அறிவிப்பு தரலாம். எந்தக் கேள்வி முன்னே வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். அறிவிப்புக்கும் பதில் நாளுக்கும் இடையே முழுசாக 15 நாட்கள் வேண்டும். அவை கூடும் தேதி அறிவித்ததும் அமைச்சகங்களுக்கான நாள் ஒதுக்கீட்டுப் பட்டியல் வரும். அதைப் பார்த்து உடனே வரைவைக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தொடர் தொடங்கியபின் கொடுத்தால் அது கடைசி வாரத்துக்குத்தான் உதவும். குலுக்கலில் தப்பிப்போகும் வாய்ப்பு இருப்பதால், அதே பொருளை மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரிடமும் கொடுத்து வைப்பது நல்லது.

பதில் வந்தபின்

பதில் அன்றே சன்சத் என்ற நாடாளுமன்ற இணையதளத்தில் ஏறிவிடும். பலர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வாசகத்தைப் படியுங்கள். "விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது", "விசாரித்து நடவடிக்கை எடுக்கப்படும்" போன்ற சொற்றொடர்கள் உங்களுக்குக் கை கழுவலாகத் தோன்றும். நாடாளுமன்ற நடைமுறையில் அவை உறுதிமொழிகள். இப்படிப்பட்ட சொற்றொடர்களுக்கு நிலையான பட்டியலே இருக்கிறது. உறுதிமொழியாகப் பதிவானால் அமைச்சகம் மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்றி அவையில் அறிக்கை வைக்க வேண்டும். முடியாவிட்டால் உறுதிமொழிக் குழுவிடம் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். மக்களவையின் குழுவில் 15 பேர், மாநிலங்களவையின் குழுவில் 10 பேர். உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்டும் அமைச்சகங்கள் இந்தக் குழுவிடம் வருவதுண்டு. அந்தச் சமயத்தில் உங்கள் எம்.பி. குழுவுக்கு எழுதும் ஒரு கடிதம், "கைவிட வேண்டாம், காரணம் இது" என்று இருந்தால், அதற்கு மதிப்பு உண்டு. ஆகவே நாட்காட்டியில் பதில் தேதியிலிருந்து மூன்றாவது மாதத்தைக் குறித்து வையுங்கள்.

"திட்டவட்டமான தகவல் மையப்படுத்தி வைக்கப்படவில்லை" என்று வந்தால் அது உறுதிமொழி ஆகாது. கதவு மூடப்பட்டது என்றே பொருள். அடுத்த கேள்வியை மாற்றி எழுத வேண்டும்: அந்தத் தகவலை அனுப்பும்படி மாநிலங்களுக்குப் படிவம் வகுக்கப்பட்டுள்ளதா, எந்தத் தேதியில்? பதிலில் இருப்பது தவறு என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், மக்களவையில் சபாநாயகரின் 115ஆம் வழிகாட்டுதலின்படி உறுப்பினர் அதைச் சுட்டிக்காட்டலாம். அரிதாகப் பயன்படும் ஆயுதம். பத்திரிகைச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு அதை எடுக்காதீர்கள்.

குழுக்கள்

கேள்வியால் எண்ணைப் பிடுங்கலாம். கொள்கையை நகர்த்தும் இடம் துறைசார் நிலைக்குழு. மொத்தம் 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுகாதாரக் குழுவின் கீழ் வரும். பதிவும் கண்காணிப்புத் திட்டமும் வேளாண் குழுவின் கீழ் வரும். சுற்றுச்சூழலுக்கு அறிவியல் தொழில்நுட்பத்தோடு சேர்ந்த குழு. 2020இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா வேளாண் குழுவுக்குத்தான் போனது. குழு 2021 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் செயல்பாடு பற்றிச் சுகாதாரக் குழு 2018 ஆகஸ்டில் 110ஆம் அறிக்கையை வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, மாநிலங்களின் 72 உணவு ஆய்வகங்களில் 65க்கு தேசிய அங்கீகாரம் இல்லை என்று எழுதியிருந்தது. இப்படி ஏற்கெனவே அச்சான ஒரு வரியை மேற்கோள் காட்டி, "இன்றைய நிலை என்ன, ஆய்வக வாரியாக" என்று கேட்டால் கேள்விக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

குழு ஒரு பொருளையோ மசோதாவையோ ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும்போது நாளிதழ்களில் விளம்பரம் வரும். அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். குறிப்பு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். நாலு பக்கத்துக்குள் அடக்குங்கள். மசோதாவென்றால் உட்பிரிவு எண், இப்போதைய வாசகம், நீங்கள் கோரும் வாசகம், காரணம் என்று எழுதினால் குழுச் செயலகம் அதை அப்படியே அட்டவணையில் ஏற்றிவிடும். சோதனை முடிவு வைத்திருந்தால், எந்தக் கடையில், எந்தத் தேதியில், எத்தனை மாதிரி, எந்த முறையில், எந்த ஆய்வகத்தில், கண்டறியும் குறைந்தபட்ச அளவு என்ன என்பதை எல்லாம் இணையுங்கள். 2003இல் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி என்று அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட முடிவைச் சரத் பவார் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஆராய்ந்தபோது, சோதனை முறையும் கேள்விக்குள்ளானது. 2004 பிப்ரவரியில் குழு அந்த முடிவு சரிதான் என்றது. முறை பதிவாகியிருக்காவிட்டால் அந்த வாதமே நின்றிருக்காது.

இரண்டு எச்சரிக்கை. அன்றாட நிர்வாகத்தில் நிலைக்குழு பொதுவாகத் தலையிடாது. "எங்கள் தெருச் சந்தையில் சோதனை நடக்கவில்லை" என்று அனுப்பினால் ஓரமாகப் போய்விடும். அடுத்தது, குழுவுக்குக் கொடுத்த குறிப்பு கொடுத்த கணத்திலிருந்து குழுவின் ஆவணம். அறிக்கை அவையில் வைக்கப்படும் முன் அதை முகநூலில் போட்டால் நாடாளுமன்றத்தின் உரிமையை மீறியதாக ஆகலாம். ஆர்வக் கோளாறில் பல அமைப்புகள் இங்கேதான் மாட்டுகின்றன.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மூன்று மாதத்தில் நடவடிக்கை விவரம் தர வேண்டும். அதை வைத்துக் குழு இன்னோர் அறிக்கை போடும். அதில் "அரசின் பதிலைக் குழு ஏற்கவில்லை" என்றொரு அத்தியாயம் இருக்கும். அடுத்த கேள்விக்கான பொருளை அங்கிருந்து எடுங்கள். மற்ற அத்தியாயங்களைப் புரட்டினால் போதும்.

யாரும் எட்டிப் பார்க்காத இன்னொரு சந்து, விதிமுறைகள். எச்ச உச்சவரம்பெல்லாம் சட்டத்தில் இல்லை, ஆணையம் வகுக்கும் ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. வரைவு வெளியாகும்போது பொதுவாக 60 நாள் கருத்துக்கு விடுவார்கள். இறுதியானபின், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 93ஆம் பிரிவுப்படி, அது இரு அவைகளிலும் மொத்தம் 30 நாட்கள் வைக்கப்பட வேண்டும். அதற்குள் இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். நடைமுறையில் அது நடப்பது அபூர்வம். சார்நிலைச் சட்டக் குழுவுக்கு எழுதுவது அதைவிட எளிது. சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டி விதி போயிருக்கிறதா, உரிய காலத்தில் அவையில் வைத்தார்களா என்பதைத்தான் அந்தக் குழு பார்க்கும். வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராமா, 0.1 மில்லிகிராமா என்ற அறிவியல் சண்டையை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

கடைகளில் மாதிரி எடுக்கவில்லை, அலுவலர் பணியிடம் காலி, வழக்கு தேங்குகிறது போன்றவற்றுக்கு உங்கள் சட்டமன்ற உறுப்பினரே சரியான ஆள். பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, உணவுக் கலப்படம் பொதுப்பட்டியலில். சட்டமன்றத்துக்கும் கேள்வி நேரமும் உறுதிமொழிக் குழுவும் மனுக்கள் குழுவும் உண்டு. டெல்லியில் வாங்கிய (இ)யின் தேதியை இங்கே நீட்டி, "இந்தத் தேதியில் வந்த முடிவின் மேல் எத்தனை மாதிரிகள் மீண்டும் எடுக்கப்பட்டன" என்று கேட்கலாம்.

எம்.பி. அலுவலகத்தோடு பழகுவதில் ஒன்று: வரைவைத் தாளிலோ மின்னஞ்சலிலோ கொடுங்கள். "நீங்களே ஏற்றிவிடுங்கள்" என்று உறுப்பினரின் இணையதளக் கடவுச்சொல்லைத் தந்தாலும் வாங்காதீர்கள். அன்பளிப்பு என்ற பேச்சே வேண்டாம். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள்.