வெற்றுத் தோட்டாக் கூடுகளுக்கு அம்மோனியா ஆகுமா?

கேள்வி: சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளில் மீண்டும் மருந்து நிரப்புவதற்கு முன், அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தால் அவற்றைத் துடைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இக்கூடுகள் ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனவை; வார்ப்புருவில் அழுத்தி இழுக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கத்தோடு அம்மோனியாவும் சேர்ந்தால், கண்ணுக்கே தெரியாத வெடிப்புகள் உண்டாகும். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டதற்கு, குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாவே காரணம் என்பது 1921-இல் விளக்கப்பட்டது.

வெதுவெதுப்பான நீரில் சிறிதளவு சிட்ரிக் அமிலமும் ஓரிரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவமும் கலந்து, சில நிமிடங்கள் மட்டும் ஊறவைத்து, நன்றாக அலசினால் போதும். நேரம் கூடினால் துத்தநாகம் கரைந்து, கூட்டின் மேல் இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும். பிறகு வாயைக் கவிழ்த்து, உள்ளே பொட்டு ஈரமும் இல்லாதபடி உலர்த்துங்கள். பளபளப்பை நான் பெரிதாக எண்ணுவதில்லை. அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்ற மெல்லிய வளையம் தெரிகிறதா என்று பார்ப்பதே முக்கியம். தெரிந்தால் அந்தக் கூடு அவ்விடத்தில் பிளந்துவிடக்கூடும், தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். பிரைமரின் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியின்) கரியில் பெரும்பாலும் ஈயம் இருப்பதால், கையுறை அணியுங்கள். உலர்ந்த தூசியைக் கிளப்பாதீர்கள்.