தோள் பொருந்தினால் எடுங்கள்

(தில்லி வாசகர்களின் உடைக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஓக்லாவில் ஓர் ஏற்றுமதித் தையல் ஆலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற மயூர் விஹார் தமிழ்ப் பெண்மணி.)

தேனியிலிருந்து வந்து தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தில் பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். ஊரில் சுடிதாரைத் தவிர வேறு போட்டதில்லை. இங்கே ஒவ்வொருத்திக்கும் ஒரு தோரணை இருக்கிறது. எனக்கு மட்டும் எதுவும் இல்லாதது போலத் தோன்றுகிறது. மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் துணிக்குச் செலவழிக்க முடியாது. எங்கே ஆரம்பிப்பது?
– மாணவி, கமலா நகர்

இந்த மாதம் ஒன்றும் வாங்காதீர்கள். அழுக்குத் துணி வாளியைக் கட்டிலில் கவிழ்த்துப் பாருங்கள். வாராவாரம் திரும்பத் திரும்பத் துவைக்க வருகிற இரண்டு மூன்று உடுப்புகள் இருக்கும். அலமாரியில் மடித்து வைத்தது அல்ல, அதுதான் நீங்கள். அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். பாக்கெட்டா, முழங்கைக்குக் கீழே வரும் கையா, முட்டிக்கு மேல் நிற்கும் நீளமா, ஒரே சாயலில் வரும் நீலமா? தோழி போட்டிருப்பது அழகாக இருக்கிறது என்று வாங்கிய மேல்சட்டை வாளிக்கு வரவே வராது, பாருங்கள்.

அடுத்து 20 ரூபாய்க்கு ஓர் அளவு நாடா. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் குர்தாவைத் தரையில் விரித்து, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, அக்குளிலிருந்து அக்குள் வரை, பிறகு நீளம் என்று மூன்றையும் அளந்து கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். சரோஜினி நகர் நடைபாதையில் போட்டுப் பார்க்க அறை கிடையாது. லேபிளில் உள்ள எஸ், எம், எல் எழுத்துகளையும் நம்பாதீர்கள். அந்த உடுப்பு எந்த நாட்டுக்குத் தைத்ததோ அந்த நாட்டு உடம்புக்கான எழுத்து அது. நாடாவுக்கு மட்டும்தான் நாடு கிடையாது.

மூன்று அளவிலும் தோள்தான் முக்கியம். இடுப்பு தொளதொளவென்று இருந்தால் பக்கத் தையலைப் பிடிக்கலாம். நீளத்தை மடித்து அடிக்கலாம். தோள் இறங்கியிருந்தால் கையைப் பிரித்து, கைக்குழியை மறுபடி வெட்டி, திரும்பப் பூட்ட வேண்டும். அந்தக் கூலிக்குப் புதுச் சட்டையே வந்துவிடும். தோள் சரி, மற்றதெல்லாம் பெரிது என்றால் தயங்காமல் எடுங்கள். கமலா நகர்ச் சந்துகளில் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் பாக்கியைப் பார்த்துக்கொள்வார்.

ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். அக்டோபர் வரை மிச்சம் பிடித்த பணத்தைக் குளிருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் தெற்கிலிருந்து வரும் பிள்ளைகள் மெல்லிய மேல்சட்டைகளாக வாங்கிக் குவித்துவிட்டு, டிசம்பரில் அறைத்தோழியின் ஸ்வெட்டரில் திரிவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஜனவரியில் சில விடியற்காலைகளில் 5 டிகிரிக்கும் கீழே போகும். உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை ஒரு ஜோடி, கம்பளி கலந்த ஸ்வெட்டர் ஒன்று, காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று போதும். முழுக்க அக்ரிலிக் என்றால் நாலு துவைப்பில் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். நம்ம திருப்பூருக்குப் பனியன் போல லூதியானாவுக்கு ஸ்வெட்டர். குளிர்காலத்தில் திபெத்தியர்கள் போடும் கடைகளுக்கும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. திபெத்தியர் குடியிருப்பான மஜ்னு கா டீலா உங்கள் வளாகத்துக்குப் பக்கம்தான், ஒரு சாயங்காலம் போய் விலை கேட்டு வாருங்கள்.

சரோஜினி நகரில் 100 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் வெளிநாட்டுப் பெயர் போட்ட சட்டைகளைக் குவித்து விற்கிறார்களே, எப்படிக் கட்டுப்படியாகிறது? போலியா, பழசா, பழுதா?
– ஒரு முதுகலை மாணவர், முனீர்கா

மூன்றும் உண்டு, நான்காவதும் உண்டு. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதுதான் அந்த நான்காவது, அதைத்தான் நாம் தேட வேண்டும்.

ஓர் ஆலைக்கு 10,000 சட்டைக்கு ஆர்டர் வந்தால் 10,000 மட்டும் வெட்டினால் போதாது. ஊசி உடையும், எண்ணெய் சொட்டும், ஒரு பேலுக்கும் இன்னொரு பேலுக்கும் சாயம் மாறும். அதனால் சில நூறு கூடுதலாகவே வெட்டுவார்கள். கப்பல் ஏறியது போக நிற்கிற நல்ல சட்டை, கழித்துப் போட்ட சட்டை, வாங்குபவர் தாமதத்தைக் காட்டித் தள்ளிவிட்ட சரக்கு எல்லாம் ஒட்டுமொத்தமாக வியாபாரிக்குப் போகும். பெயர் வெளியே போகக் கூடாது என்பதால் கழுத்து லேபிளைக் குறுக்கே வெட்டிவிடுவார்கள். பாதி வெட்டிய லேபிள் நல்ல சகுனம். பளபளவென்று முழு லேபிளும், கூடவே ஒரு தொங்கும் அட்டையும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நாங்கள் மேசையில் செய்ததையே நீங்கள் குவியலுக்கு முன்னால் நின்று செய்யலாம். சட்டைக்குள் கையை விட்டு, விரல்களை விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசி ஓட்டை, இழை விட்ட இடம், எண்ணெய்ப் பொட்டு எல்லாம் அப்போது தெரியும். முதலில் அக்குள், அடுத்து காலர் முனை, பிறகு காஜா. பேன்ட்டாக இருந்தால் கவட்டுத் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நூல் பல்லிளித்தால் அங்கேயே போட்டுவிடுங்கள். பனியன் துணிச் சட்டையைத் தோளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் கீழே வரும்போது வயிற்றுப் பக்கம் திரும்பி வந்தால் அந்தத் துணி முறுக்கிக்கொண்டது. எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அடுத்த துவைப்பில் திரும்பிவிடும். அடர்நிறம் என்றால் கைக்குட்டையின் மூலையை நனைத்து உள்பக்கத்தில் அழுத்தித் தேயுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். உங்கள் வெள்ளைத் துணியெல்லாம் ஊதாவாகும்போது அவர் வந்து நிற்கப்போவதில்லை.

எண்ணெய்ப் பொட்டு சிறிதென்றால் பயப்படாதீர்கள், பாத்திரம் தேய்க்கும் சோப்பில் பெரும்பாலும் போய்விடும். பொத்தான் இல்லாததும் குறையே அல்ல. ஓட்டை அடைக்க முடியாது. சாய வித்தியாசத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் கண்டுபிடிக்க முடியும், ஆகவே பல்பு எரியும் நேரத்தில் வாங்கப் போகாதீர்கள்.

பழசைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்தார்களே, அதே தொழில் இங்கும் இருக்கிறது. குஜராத்தியரான வாக்ரி சமூகப் பெண்கள் வீடு வீடாகப் பாத்திரம் கொடுத்துத் துணி வாங்கி, மேற்கு தில்லியில் ரகுபீர் நகர்ச் சந்தைக்கு விடியும் முன்பே கொண்டுவருவார்கள். ஒருவர் உடுத்தியதை நாம் உடுத்துவதில் கேவலம் ஒன்றும் இல்லை. துணி தாங்கும் சூட்டில் வெந்நீரில் ஊறவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். பழசைப் புதிது என்று சொல்லி விற்பதில்தான் எனக்குக் கோபம். காலர் மடிப்பைப் புரட்டிப் பாருங்கள், கழுத்துப் பட்ட பழுப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

தில்லியில் படிக்கும் மகள் முட்டி கிழிந்த ஜீன்ஸுடன் காரைக்குடிக்கு வந்து இறங்கினாள். அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியவில்லை. என்ன செய்வது?
– ஒரு தாய்

ரயிலில் வந்தாளா? அப்படியானால் களைத்திருப்பாள். முதலில் சாப்பாடு போடுங்கள். ஜீன்ஸ் அடுத்த ஆண்டு முழுதாகக் கிழிந்து தானாகப் போய்விடும்.

அம்மா மூன்று சுங்குடிச் சேலைகளைக் கொடுத்தனுப்பினார். விடுதியில் சேலை கட்ட நேரமும் இல்லை, இடமும் இல்லை. வெட்டிக் குர்தா தைத்துக்கொள்ளலாமா? மனது கேட்கவில்லை.
– ஆய்வு மாணவி, ஜே.என்.யு.

மூன்றையும் வெட்டாதீர்கள். உடுத்தி உடுத்தி நைந்த ஒன்றை மட்டும் எடுங்கள். நன்றாக இருப்பது சேலையாகவே இருக்கட்டும். ஆய்வேடு முடிந்து பட்டம் வாங்கும் நாளில் நீங்களே தேடுவீர்கள்.

எடுத்ததை ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். குதிகாலில் பட்ட கீழ்க்கரை ஓரமும், கஞ்சி போட்டு ஒரே இடத்தில் மடித்த கோடுகளும்தான் முதலில் இற்றுப்போகும். அந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, “இங்கே தையல் வரக் கூடாது” என்று மாஸ்டருக்குக் காட்டிவிடுங்கள். ஐந்தரை மீட்டரில் இரண்டு குர்தாவுக்குத் துணி தேறும். முந்தானையின் கெட்டியான பாகத்தை முன்பக்கத்துக்கு வையுங்கள், கரையைக் கைமுனையில் பட்டையாகக் கொடுங்கள். உடம்பைப் பிடிக்கிற தையல் வேண்டாம், பழைய பருத்தி முதுகில் பிளந்துவிடும். புள்ளிகளே போதுமான அலங்காரம். லேஸ், ஜமிக்கி என்று மாஸ்டர் ஆரம்பித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கீழே ஒரு சாதாரண ஜீன்ஸ், அவ்வளவுதான். உங்கள் வளாகத்தில் இதே குர்தா இன்னொருத்தியிடம் இருக்காது.

நான் நல்ல கறுப்பு. லாஜ்பத் நகரில் கடைக்காரர்கள் எல்லோரும் எனக்கு வெளிர்நிறங்களையே எடுத்துப் போடுகிறார்கள். மஞ்சள் கேட்டால் சிரிக்கிறார்கள்.
– வாசகி, ஆர்.கே. புரம்

சிரிக்கிற கடையில் வாங்காதீர்கள். அடுத்த கடையில் கடுகு மஞ்சள், அரக்கு, மயில்கழுத்துப் பச்சை மூன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் முகத்துக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். உங்கள் பக்கத்து முருகன் கோயிலான மலை மந்திர் பூக்கடையில் செவ்வந்தி எந்த நிறப் பெண்ணின் தலையில் எடுப்பாக இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை நின்று கவனியுங்கள், கடைக்காரருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வேலை நேர்முகத்துக்கு கோட் வேண்டுமாம். கையில் 2,000 ரூபாய்தான் இருக்கிறது.
– இறுதியாண்டு மாணவர், விஜய் நகர்

தம்பி, 2,000 ரூபாய்க் கோட்டை வாங்காதீர்கள், அது தோளில் நிற்காது. உங்கள் உடல்வாகுள்ள நண்பரிடம் ஒருநாள் இரவல் கேளுங்கள். பணத்தைச் சட்டைக்கும் பேன்ட்டுக்கும் போடுங்கள். கன்னாட் பிளேஸ் பக்கம் சங்கர் மார்க்கெட்டில் மீட்டர் துணி கிடைக்கும். வெளிர்நீலச் சட்டைத் துணி, கரும்சாம்பல் பேன்ட் துணி எடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். பருத்தி என்றால் தைக்கும் முன் ஒரு முறை நனைத்து உலர்த்திக் கொடுங்கள். ஷூவுக்கு பாலிஷ் போடுங்கள்.

எனக்கு இந்தி வராது. பேரம் எப்படிப் பேசுவது?
– கோயம்புத்தூர் மாணவி, முகர்ஜி நகர்

பேசவே வேண்டாம். கைபேசிக் கால்குலேட்டரில் உங்கள் விலையை அடித்து நீட்டுங்கள். அவர் தன் விலையை அடிப்பார். மனதுக்குப் பிடித்த சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள், பிடிக்காத ஒன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். குவியலுக்கு ஒரே விலை என்று கூவுகிறவரிடம் மட்டும் பேரம் எடுபடாது. மெட்ரோவில் மஞ்சள் தடத்தில் ஐ.என்.ஏ. வரை வந்து இளஞ்சிவப்புத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம் சரோஜினி நகர். திங்கட்கிழமை போகாதீர்கள், சந்தைக்கு விடுமுறை.