1.6 கியர் வண்டியா, 1.4 டர்போ ஓட்டோவா?

களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் கார் ஒன்று வாங்க இருக்கிறேன். மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 2012ஆம் ஆண்டு 1.6 லீற்றர், ஆறு கியர் மெனுவல் ஒன்று. அதே 1.6, சிவிடி ஓட்டோ ஒன்று. 2018ஆம் ஆண்டு 1.4 டர்போ, ஆறு கியர் ஓட்டோ ஒன்று. தினமும் மட்டக்களப்பு டவுனுக்கு வேலைக்குப் போய் வருவேன். மாதம் ஒரு தடவை மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு, மனைவியின் அம்மா வீட்டுக்கு. மனைவி ஓட்டோ கியர் வண்டி மட்டும்தான் பழகியவ. குதிரைவலுவைப் பார்த்தால் 136, 140 என்று பெரிய வித்தியாசமே இல்லை. பிறகு ஏன் டர்போவுக்கு இவ்வளவு கூடக் கொடுக்க வேண்டும்? டர்போவும் ஓட்டோவும் சேர்ந்தால் தலையிடி என்று மச்சான் வேறு சொல்கிறார்."

முதலில் அந்த 136, 140 கணக்கை முடித்துவிடுவோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

1.6 எஞ்சின் 136 குதிரைவலுவைத் தருவது நிமிடத்துக்கு 6,900 சுற்றில். அந்தச் சுற்றில் நீங்கள் எத்தனை தடவை ஓட்டப் போகிறீர்கள்? டவுனுக்குப் போகிற பாதையில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் பெரும்பாலும் 1,500க்கும் 3,000க்கும் இடையில்தான் நிற்கும். ஆகவே அந்த இடத்தில் எஞ்சின் என்ன தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சாமான். 1.4 டர்போவின் முறுக்குவிசை, அதாவது எஞ்சின் தண்டைத் திருப்பும் விசை, 230 நியூட்டன் மீற்றர், அது 2,500 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடும். 1.6க்கு உச்சமே 160, அதுவும் 4,400 சுற்றில். கணக்குப் போட்டால் 2,500 சுற்றில் டர்போ ஏறத்தாழ 82 குதிரைவலு தருகிறது. 1.6 அதே சுற்றில் தன் உச்ச முறுக்குவிசையைத் தந்தாலும்கூட 57ஐத் தாண்டாது. நீங்கள் கூடக் கொடுக்கிற காசு இந்த வித்தியாசத்துக்குத்தான். அத்தோடு டர்போ வண்டியின் எடை 990 கிலோ, 1.6 மெனுவல் 1,050 கிலோ.

அதற்காக 1.6ஐ மட்டமான எஞ்சின் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த எஞ்சின்களில் அதுவும் ஒன்று. 4,000ஐத் தாண்டியதும் சத்தம் மாறி, முள் 7,000ஐ நோக்கி ஓடுகிற அந்த ஓட்டம் டர்போவில் கிடைக்காது. டர்போ கீழேயே எல்லாவற்றையும் தந்துவிட்டு 5,500க்குப் பிறகு களைத்துவிடும். ஆனால் 1.6 தன் நல்ல குணத்தை மேலேதான் வைத்திருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய் நிறுத்த உங்கள் கையில் கியர் தடி வேண்டும். மகா ஓயாப் பாதையில் நெல் லொறி ஒன்றை முந்த வேண்டுமென்றால் ஆறாம் கியரில் மிதித்து ஒன்றும் நடக்காது. இரண்டு கியராவது, சில இடத்தில் மூன்று கியரும் இறக்கினால்தான் வண்டி எழும்பும். அது பிடித்தவர்களுக்கு அந்த வேலையே சந்தோஷம்.

இதனால்தான் எஞ்சினைத் தனியாகவும் கியர்பொக்ஸைத் தனியாகவும் தெரிவு செய்யக் கூடாது என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன். இரண்டையும் சோடியாகப் பாருங்கள். மேலே ஓடுகிற எஞ்சினுக்கு மெனுவல் பொருந்தும். கீழேயே இழுக்கிற டர்போவுக்கு மெனுவலும் சரி, நல்ல ஓட்டோவும் சரி.

அப்படிப் பார்த்தால் உங்கள் மூன்றில் 1.6 சிவிடியை இப்போதே விட்டுவிடலாம். சிவிடியில் பல்சக்கரக் கியர் மாற்றம் இல்லை. இரண்டு கப்பிகளுக்கு இடையில் ஓர் இரும்புப் பட்டி ஓடும், கப்பி விரிந்து சுருங்கி விகிதத்தை மாற்றும். அமைதியாக ஓடுகிறவருக்கு அது நல்ல சாமான்தான். ஆனால் ஏற்றத்தில் முழுதாக மிதித்தால் முள் ஓர் இடத்தில் போய் நின்றுவிடும். எஞ்சின் கத்தும், வேகம் பின்னால் மெல்ல வரும். 1.6இன் அழகே முள் ஏறுவதில்தான் இருக்கிறது, அதை இந்தக் கியர்பெட்டி பறித்துவிடும். அந்தப் பட்டி வழுக்காமல் பிடிப்பதும் ஒயிலின் தன்மையால்தான். இதே மாதிரி வண்டி ஒன்று எங்கள் கராஜுக்கு வந்தது. புறப்படும்போது நடுக்கம். ஒயிலை வடித்து வெள்ளைத் துணியில் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். கறுத்த தேயிலைச் சாய நிறம். துணியை வெயிலில் பிடித்தபோது வெள்ளிப் பொடி தூவியது போல மினுங்கியது. பட்டியும் கப்பியும் தேய்ந்த இரும்புதான் அது. முன்பு எங்கேயோ யாரோ சிவிடி ஒயிலுக்குப் பதிலாகச் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் பெட்டி மாற்றவே பெரும் தொகை கட்டியது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வருந்துகிறது. சரியான ஒயிலில் தப்பியிருக்க வேண்டிய வண்டி.

உங்கள் டர்போவில் இருக்கிற ஓட்டோ வேறு வகை. அது டோர்க் கன்வேட்டரோடு (எஞ்சினையும் பெட்டியையும் ஒயில் வழியாக இணைப்பது) வரும் வழமையான ஆறு கியர் பெட்டி, உள்ளே உண்மையான பல்சக்கரங்கள். மச்சான் சொல்கிற தலையிடிக்கதை பெரும்பாலும் சிவிடியையும் இதையும் "ஓட்டோ" என்று ஒரே பெயரில் அழைப்பதால் வருவது. காத்தான்குடிக்குள் பின்னேரம் ஐந்து மணிக்கு ஊர்ந்து வந்தவர்களுக்கு இடது காலின் வலி தெரியும். ஒவ்வொரு இருபது மீற்றருக்கும் கிளட்ச். ஆரையம்பதி தாண்டித்தான் மூன்றாம் கியரே விழும். அது உங்களுக்குத் தினமும் இருக்கிறது, ஓட்டோவில் அந்தக் கிளட்ச் வேலையே இல்லை.

அடுத்தது பதுளைப் பாதை. செங்கலடியில் திரும்பினால் பிபிலை வரைக்கும் எந்த வண்டியும் போகும். லுணுகலை, பசறைப் பக்கம் ஏறும்போதுதான் எஞ்சினின் குணம் தெரியும். உயரம் 100 மீற்றர் கூடக் கூட, டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஒரு வீதம் வலுவை இழக்கும், காற்று ஐதாவதால். பதுளையோடு நில்லாமல் பண்டாரவளைக்கும் ஏறினால் 1,200 மீற்றருக்கு மேல், பத்து வீதத்துக்கும் கூடப் போய்விடும். டர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். நாலு பேரும் சாமானும் இருந்தால் இது காலில் நன்றாகவே தெரியும். இறங்கும்போது மட்டும் டி-யில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். கியரை நாமே தெரிவு செய்கிற எம்-இல் போட்டு இரண்டாம் கியரிலோ மூன்றாம் கியரிலோ பிடித்து இறக்குங்கள், பிரேக் சூடாகாது.

பெற்றோல் செலவை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டுமே ஜப்பானில் பிரீமியம் பெற்றோல் போடச் சொல்லி விற்ற வண்டிகள், ஆகவே இங்கே ஒக்டேன் 95 தான். எங்கள் வெயிலில் 92 போட்டால் எஞ்சின் தட்டாமல் இருக்கத் தானே தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளிக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இழுவை அங்கே குறையும்.

டர்போவுக்குக் கவனிப்புக் கூட வேண்டும் என்பது உண்மை. எஞ்சின் ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுங்கள், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். டர்போவின் தண்டு அந்த ஒயிலில்தான் மிதக்கிறது. வீட்டுக்கு வருகிற கடைசி ஒரு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி வந்து நிறுத்துங்கள். இந்த எஞ்சினில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பாய்வதால் உள்ளிழு வால்வைக் கழுவ ஒன்றும் இல்லை, காலப்போக்கில் அங்கே கரி படியும். 1.6இல் இந்தப் பிரச்சினை குறைவு. கரையோர வண்டி என்றால் அடிப்பக்கத் துருவையும் பார்க்க வேண்டும், அது மூன்றுக்கும் பொது.

சரி, எதை எடுப்பது? உங்கள் நிலைமையில் நான் 1.4 டர்போ ஓட்டோவைத்தான் எடுப்பேன். தினசரிப் பாதைக்கும் பதுளை ஏற்றத்துக்கும் பொருந்துகிறது, வீட்டில் இருவரும் ஓட்டலாம். ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் கையிலும் சாவி கொடுக்கக்கூடிய வண்டியாக அது இருக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, சேர்விஸ் பதிவு கையில் வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் இங்கே இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடியிருக்கின்றன. பதிவு இல்லாத டர்போவை விட, நன்றாகப் பார்த்த 1.6 மெனுவல் எவ்வளவோ மேல். அப்படி அமைந்தால் மனைவி கிளட்ச் பழகுவதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். அந்த மெனுவலைப் பார்க்கும்போது நாலாம் கியரில் 40இல் போய் முழுதாக மிதியுங்கள். வேகம் கூடாமல் முள் மட்டும் பாய்ந்தால் கிளட்ச் முடிந்துவிட்டது.

டர்போ வண்டியை இப்படிப் பாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு டி-யிலிருந்து ஆர்-க்கும் திரும்ப டி-க்கும் மாற்றுங்கள். பெட்டி ஒரு செக்கனுக்கு மேல் யோசித்தாலோ, 'டொக்' என்று இடித்தாலோ கவனம். ஐந்து நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அக்சிலேட்டரை ஒரு தடவை உதையுங்கள், பின்னால் நீலப் புகை வந்தால் டர்போ ஒயில் குடிக்கிறது. இதெல்லாம் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். போனதும் பொனட்டில் கையை வையுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லித் திரும்பி வந்துவிடுங்கள்.