காலையில் 150, மாலையில் 118: ரத்தக்குழாய் தாங்குமா?

கேள்வி: எனக்கு 58 வயது. வீட்டிலேயே பிரஷர் பார்க்கிறேன். காலையில் 150/94, மாலையில் 118/76 என்று காட்டுகிறது. குறைவாக இருக்கும் நாட்களில் இரவு மாத்திரையைப் போடுவதில்லை. இப்படி ஏறி இறங்குவது ரத்தக்குழாயைக் கெடுக்குமா?

பதில்: முதலில் அந்த மாத்திரை விஷயம். 118 என்று குறைந்ததற்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். அதை நீங்களாக நிறுத்தினால் மறுநாள் காலை 150 வருவதில் வியப்பில்லை. தலைச்சுற்றல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றட்டும்.

ஏறி இறங்குவது இயல்புதான். தூக்கத்தில் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் குறையும், விடியற்காலையில் உயரும். மாடிப்படி ஏறினாலும் கோபப்பட்டாலும் கூடும். இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனி விரிந்து சுருங்கி அந்த அதிர்வை வாங்கிக்கொள்கிறது.

ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகச் செல்கள் இருக்கின்றன. அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. இதன் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அழுத்தம் அடிக்கடி எகிறினால் இந்த அடுக்கு சேதமாகும், கொழுப்பு படிய வழி கிடைக்கும். நாளடைவில் மீள்தன்மை தரும் இழைகள் சிதைந்து குழாய் விறைத்துப்போகும். விறைத்த குழாயால் அதிர்வை வாங்க முடியாது, அதனால் ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். அந்த அடியை மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்குழாய்கள்தான் வாங்குகின்றன. மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அளவு மிகவும் மாறுபடுகிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடுதல் என்று 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. சராசரி நன்றாக இருந்தாலும் இந்த மாறுபாட்டைக் கவனிக்கச் சொல்வது அதனால்தான்.

சரி, உங்கள் 150 உண்மையானதா? காபி குடித்த கையோடு பார்த்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்த்தாலும் கூடுதலாகத்தான் காட்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கால் தரையில் படட்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பேசாமல், 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலை, மாலை என 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டு அளவில் அது 135/85க்கு மேல் இருந்தால் மருந்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா, இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள், இரண்டுமே பிரஷரை ஏற்றும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

180/120ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அளவு பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம், உடனே அழையுங்கள்.